இடது முட்டி, வெளிப்பக்கம்

குனோங் ராபாட்
18.2.2024

அன்புத் தம்பி தர்மேந்திரனுக்கு,

அக்கா சரளா எழுதுவது. நானும் உன் மச்சானும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, யாரோடும் மல்லுக்கு நிற்காமல் இருந்தால் அதுவே எனக்குப் போதும்.

தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தேன். உன் பேரைச் சொல்லித்தான் எடுத்தேன். அக்டோபர் பதினாலாம் தேதி நீ வெளியே வர வேண்டும், நன்னடத்தைக்காகக் கழித்த நாளை எவனும் திரும்பக் கூட்டிவிடக் கூடாது, அதற்கப்புறம் நீ வெளியிலேயே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஒருத்தர் முட்டியை இரும்புக் குழாயால் உடைத்துவிட்டு உள்ளே போனவனுக்காகச் சாமியிடம் எந்த முகத்தோடு கேட்பது என்று கூச்சமாகத்தான் இருந்தது. இருந்தாலும் கேட்டுவிட்டேன்.

எனக்கும் முட்டியில்தான் இப்போது கண்டம். போன ஞாயிற்றுக்கிழமை குப்பை கொட்டப் போனவள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற லோங்கா சாக்கடையில் பாசி வழுக்கி விழுந்தேன். நல்லவேளை, தண்ணீர் அதிகம் ஓடவில்லை. இடது முட்டி பலாப்பழம் மாதிரி வீங்கிவிட்டது. வேலை செய்கிற கடையில் ஜொஹரா பீவி அக்கா ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்து, வெங்காயம் மட்டும் உரி என்று சொல்லிவிட்டார். உட்கார்ந்த இடத்தில் அழுதாலும் வெங்காயம் என்று சொல்லிக்கொள்ளலாம், வசதியாக இருக்கிறது.

மச்சான் வேனில் பேக்டரி ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறார். உன்னை விசாரித்தார்.

பதில் போடு.

அக்கா
சரளா

*

சிறையிலிருந்து
6.3.2024

அக்காவுக்கும் மச்சானுக்கும் தம்பியின் வணக்கம். உங்களுக்கு முன்னால் இதைப் படிக்கப் போகிற வார்டர் ஐயாவுக்கும் வணக்கம். இங்கே தமிழ் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவர் லீவில் போய்விட்டால் தமிழ்க் கடிதமெல்லாம் மேசையிலேயே கிடக்கும். அதனால் பதில் தாமதமானால் என்னைத் திட்டாதே.

நான் நன்றாக இருக்கிறேன். இரண்டு கிலோ கூடியிருக்கிறேன். பக்கத்து அறையில் ஒருவன் சோற்றுத் தட்டில் துப்பினான். பழைய தர்மாவாக இருந்தால் அவன் பல்லைப் பொறுக்கியிருப்பான். நான் தட்டைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டேன். நீ எடுத்த பால்குடத்துக்கு அந்த மரியாதையாவது தர வேண்டும் இல்லையா.

வெளியே வந்ததும் வேலை தயார். பாரிட் புந்தாரில் நெல் மில்லில் இருக்கிற தனேஸ்வரன் எனக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறான். ஆளை அடிக்கிற வேலை இல்லை, மூட்டை தூக்குகிற வேலை. அடிக்கக் கூலி கொடுத்த பழைய முதலாளி, அந்தத் தவுக்கேயின் பக்கம் தலை வைத்துப் படுக்கமாட்டேன்.

முட்டியை லேசாக நினைக்காதே அக்கா. ஆஸ்பத்திரிக்குப் போ. எனக்கு உலகத்தில் உருப்படியாகத் தெரிந்தது அது ஒன்றுதான். வீக்கம் வடிந்த பிறகு கால் பக்கவாட்டில் ஆடுகிறதா என்று பார்த்து எழுது.

தம்பி
தர்மா

*

குனோங் ராபாட்
24.3.2024

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. நலமாக இருக்கிறாய் என்று படித்துச் சந்தோஷப்பட்டேன். நானும் அப்படித்தான், காலைத் தவிர.

நீ சொன்னது சரி. பக்கவாட்டில் ஆடுகிறது. படி இறங்கும்போது முட்டி தனியாக ஒரு பக்கம் போகிறது, நான் ஒரு பக்கம் போகிறேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை. அதைக் கேட்டதும் மச்சான், "அப்ப நல்லாத்தான் இருக்கு, நடிக்காத" என்றார். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. எக்ஸ்ரேயில் எலும்பு மட்டும்தான் தெரியுமாம், உள்ளே இருக்கிற தசைநாரைப் பார்க்க எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டுமாம். இருபதாம் தேதிக்கு நாள் கொடுத்தார்கள்.

நான் போகவில்லை. ஒரு படிவம் கொடுத்தார்கள், உடம்பில் எந்த உலோகமும் இருக்கக் கூடாது என்று. உள்ளே இருப்பது காந்தமாம். மெட்டி, மூக்குத்தி, தாலி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். என் தாலிக்கொடியைத்தான் உனக்குத் தெரியுமே, ஐந்து ஊக்கு, ஒரு பீரோ சாவி. மச்சான் படிவத்தைப் படித்துவிட்டு, "தாலிய கழட்டணும்னா நான் செத்த பிறகு கழட்டுலா" என்றார். அவர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. பதினாறு வருஷமாகக் குளிக்கும்போதுகூட நான் கழற்றியதில்லை.

ஏப்ரல் இருபத்து மூன்றுக்கு மறுபடி நாள் கொடுத்திருக்கிறார்கள். பார்ப்போம்.

இனிமேல் கடிதத்தை ஜொஹரா அக்கா கடை விலாசத்துக்குப் போடு. இங்கே தபால்காரர் மாற்றிப் போட்டுவிடுகிறார்.

அக்கா

*

சிறையிலிருந்து
15.4.2024

அக்காவுக்கு,

நலம் விசாரிப்பதை இந்தத் தடவை பின்னால் வைத்துக்கொள்கிறேன். தபால்காரர் பதினாறு வருஷமாக மாற்றிப் போடாதவர் இப்போது ஏன் மாற்றுகிறார்?

சரி. எம்.ஆர்.ஐ. எடு. கட்டாயம் எடு. அது என்னவென்று எனக்குத் தெரியும். என் கேஸில் அதுதான் என்னை மாட்டிவிட்டது. நீயும் கோர்ட்டில் பின்வரிசையில் இருந்தாய், ஆனால் அழுதுகொண்டிருந்தாய், கேட்டிருக்கமாட்டாய். மாயாண்டி மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தார், நான் தொடவே இல்லை என்று சாதித்தேன். பார்த்த சாட்சியும் இல்லை. அப்போது ஒரு டாக்டர் அம்மா வந்து அந்தப் படத்தைச் சுவரில் போட்டுக் காட்டினார். விழுகிற ஆளுக்கு முன்பக்கம் அடிபடும், முட்டிச் சில்லில் தெரியும். இவருக்குச் சில்லில் கீறல்கூட இல்லை. வெளிப்பக்கத்து எலும்புக்குள் ரத்தம் கன்றியிருக்கிறது, உள்பக்கத்துத் தசைநார் அறுந்திருக்கிறது. வெளியிலிருந்து ஒருத்தர் அடித்தால்தான் கால் உள்பக்கமாக மடங்கி இப்படி அறும் என்றார். ஒரு மணி நேரம் பேசினார். நான் எந்தப் பக்கம் நின்றேன் என்பதுவரை சொல்லிவிட்டார். பக்கத்தில் இருந்து பார்த்த மாதிரி.

ரிப்போர்ட் வந்ததும் ஒரு வரி விடாமல் எனக்கு எழுது. டாக்டருக்கு அவசரம் இருக்கும், எனக்கு இங்கே நேரம் கிடக்கிறது. விளக்கிச் சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தர்மா

*

ஜொஹரா பீவி உணவகம்
12.5.2024

அன்புத் தம்பிக்கு,

அக்கா சுகம். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். இடது கையால் எழுதுகிறேன். வலது கையில் இரண்டு விரல் கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது. எனக்கு இந்த வருஷம் சனி உச்சத்தில் இருக்கிறது போல.

எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டேன். ஜொஹரா அக்கா மகள் நூருல் காரில் கூட்டிப் போனாள். மச்சானிடம் சொல்லவில்லை. உடை மாற்றுகிற அறையில் முதலில் மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கைக் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அதற்கப்புறம்தான் தாலியைக் கழற்றினேன். நர்ஸ் அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என் பேரை எழுதினார். கழுத்து லேசாக இருந்தது. அப்படி நினைத்ததற்குப் பயந்துகொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

காலை மட்டும் உள்ளே விடுகிறார்கள், தலை வெளியேதான். முட்டியைச் சுற்றி ஒரு கூடு மாட்டி, காதில் பஞ்சு வைத்து, கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தார்கள். பயமாக இருந்தால் அமுக்க வேண்டும், அவர்கள் ஓடி வருவார்கள். தகரக் கூரையைச் சம்மட்டியால் அடிக்கிற மாதிரி அரைமணி நேரம் சத்தம். அசையாமல் கிடந்தேன். நர்ஸ் வெளியே வந்து, உங்களை மாதிரி அசையாமல் யாரும் இருந்ததில்லை என்றார். அடி விழுகிற சத்தத்தில் அசையாமல் கிடப்பது எனக்குப் பழக்கம்தானே. எஸ்டேட் லயத்தில் வளர்ந்தவள் அல்லவா, அதைச் சொன்னேன்.

ரிப்போர்ட் இங்கிலீஷில் இருக்கிறது. நூருல் படித்துத் தமிழில் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். இடது முட்டி. வெளிப்பக்கம், தொடை எலும்பின் அடியில் ரத்தக் கன்றல், மேல்தோலுக்கு அடியிலும் அதே இடத்தில் வீக்கம். உள்பக்கத் தசைநார் முழுக்க அறுந்திருக்கிறது. நடுவில் இருக்கும் தசைநாரும் முக்கால்வாசி அறுந்திருக்கிறது. முட்டிச் சில்லு நன்றாக இருக்கிறது. ஜவ்வில் ஒரு பழைய கிழிசல், பல வருஷத்துக்கு முந்தியது.

டிசம்பர் ஒன்பதுக்கு ஆப்பரேஷன் நாள் கொடுத்திருக்கிறார்கள். சில்லு நன்றாக இருப்பது நல்லதுதானே?

அக்கா

*

சிறையிலிருந்து
1.6.2024

அக்கா,

இடது முட்டி, வெளிப்பக்கம். எதிரே நின்று வலது கையால் கீழ்நோக்கி வீசினால் அங்கேதான் விழும். நான் அப்படித்தான் நின்றேன்.

எதை வைத்து அடித்தான் என்று மட்டும் எழுது. இரும்பு என்று தெரியும். மரமாக இருந்தால் தோலுக்கு அடியில் அவ்வளவு வீங்கியிருக்காது. விரலையும் அவன்தானே உடைத்தான்? தாலியைக் கழற்றியது தெரிந்துபோயிற்று, அதற்குத்தானே?

பழைய கிழிசல் எந்த வருஷம்?

இதை ஒருவர் படிக்கிறார் என்பதால் இதற்கு மேல் எழுதவில்லை. அக்டோபர் பதினாலுக்கு நூற்று முப்பத்தைந்து நாள் இருக்கிறது.

தர்மா

*

சிறையிலிருந்து
14.7.2024

அக்கா,

ஆறு வாரமாகிறது. பதில் இல்லை. இருக்கிறாயா?

அன்றைக்குச் சோற்றில் துப்பியவன் மறுபடி துப்பினான். அவன் தலையைப் பிடித்துச் சுவரில் மோதப் போனேன். முடியைப் பிடித்துவிட்டேன், சுவரும் பக்கத்தில்தான் இருந்தது. அப்போது எனக்கு அவன் முகம் தெரியவில்லை, மச்சான் முகம்தான் தெரிந்தது. விட்டுவிட்டேன். அவன்மேல் இரக்கப்பட்டு இல்லை. இங்கே மோதினால் அக்டோபர் தள்ளிப்போகும்.

ஒரு வரியாவது எழுது. கை வலித்தால் நூருலை எழுதச் சொல்.

தர்மா

*

ஜொஹரா பீவி உணவக மாடி
11.8.2024

அன்புத் தம்பி தர்மாவுக்கு,

நான் உயிரோடுதான் இருக்கிறேன். வலது கையால் எழுதுகிறேன், பார். இத்தனை நாள் பதில் போடாததற்கு உன்மேல் கோபம் காரணம் இல்லை, பயம்தான் காரணம். ரிப்போர்ட்டை எழுதி அனுப்பினேனே, அதில் அவ்வளவு எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் உன்னிடம் காட்டியிருப்பேனா? உனக்குத் தெரியக் கூடாது என்றுதானே லோங்காவில் விழுந்தேன்.

இனி மறைத்து என்ன ஆகப் போகிறது. சீனப் பெருநாளுக்கு மறுநாள். பேக்டரி லீவு, சுகுமாரன் மூன்று நாளாக வேன் ஓட்டாமல் வீட்டில் குடித்துக்கொண்டிருந்தான். அவன் பேரை எழுதிவிட்டேன், பார்த்தாயா. கடையில் கூட்டம், மூன்று மணிக்கு வர வேண்டியவள் ஐந்து மணிக்கு வந்தேன். கேட்டிலேயே நிறுத்தி, "யாருக்கு இவ்ளோ நேரம் சோறு போட்ட?" என்றான். கடையில் கூட்டம் என்றேன். வேனுக்குள் கையை விட்டு ஸ்டியரிங் லாக்கை எடுத்தான். சிவப்புப் பெயின்ட் அடித்த இரும்புத் தடி, வண்டியை யாரும் திருடாமல் இருக்கப் பூட்டுவோமே, அது. தலையில் அடிக்கப் போகிறான் என்று இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டேன். அவன் கீழே பார்த்து வீசினான். சத்தம் முதலில் வந்தது, வலி அப்புறம்தான் வந்தது. கடையில் கோழிக் காலை முறிக்கும்போது கேட்கிற சத்தம். நான் விழுந்தேன் என்றது முழுப் பொய் இல்லை தம்பி. அதற்கப்புறம் விழுந்தேன்.

"நடக்க முடியாத பொம்பள எங்க போவா?" என்றான். பிறகு அவனே ஐஸ் கொண்டு வந்து வைத்தான்.

பழைய கிழிசல் இரண்டாயிரத்துப் பதினொன்று. விரலைப் பற்றி நீ எழுதியது சரி. மஞ்சள் கயிற்றைப் பார்த்துவிட்டான். கதவை மூன்று தடவை சாத்தினான்.

உன் ஜூன் மாதக் கடிதத்தை நூருல் தெரியாமல் படித்துவிட்டாள். ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு என்னைப் போலீஸ் நிலையத்துக்கு இழுத்துப் போனாள். ஆஸ்பத்திரி டாக்டரும், இது விழுந்த காயம் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். சுகுமாரனைப் பிடித்து ஜாமீனில் விட்டிருக்கிறார்கள், என் பக்கத்தில் வரக் கூடாது என்று உத்தரவு. நவம்பரில் கேஸ். நான் ஜொஹரா அக்கா மாடியில் இருக்கிறேன். தாலி இன்னும் அந்தப் பிளாஸ்டிக் பையில்தான் இருக்கிறது.

இப்போது இன்னொன்று. அம்மா நொண்டியதற்குக் காரணம் ரப்பர் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு மேட்டில் விழுந்தது என்றுதானே உனக்குத் தெரியும்? அம்மா விழவில்லை. அப்பா காண்டாக் கம்பால் அடித்தார், வாளி தூக்குகிற அதே கம்பால். எனக்குப் பதினொரு வயது, உனக்கு நாலு. நீ கதவு நிலையில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாய். தின்பதை நிறுத்தவே இல்லை. முட்டியைப் பார்த்து அடிக்க யார் சொல்லிக் கொடுத்தது என்று கோர்ட்டில் உன்னைக் கேட்டார்கள், நீ தெரியாது என்றாய். பின்வரிசையில் எனக்குத் தெரிந்தது. அதற்குத்தான் அழுதேன்.

உன் காலில் விழுந்து கேட்கிறேன். அவன்மேல் நீ கை வைத்தால் என் கேஸ் போய்விடும், நீயும் போய்விடுவாய். எனக்கு இருப்பது அது இரண்டுதான். சத்தியம் செய்து எழுது.

அக்கா
சரளா

*

சிறையிலிருந்து
5.9.2024

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கொடுக்கும்போது வார்டர் ஐயா என் முகத்தைப் பார்க்கவில்லை. 

ரொட்டி ஞாபகம் இல்லை. கம்பு ஞாபகம் இருக்கிறது. சுவரில் இரண்டு ஆணியில் படுத்திருக்கும், நடுவில் தோள் பட்டுப் பட்டு வழவழவென்று இருக்கும். அதைப் பார்த்தால் ஏன் ஒண்ணுக்கு வந்துவிடும் என்று எனக்கே தெரியாமல் இருந்தது. இப்போது தெரிகிறது.

மாயாண்டியைப் பற்றியும் யோசித்தேன். அவர் கீழே கிடந்தபோது என்னைப் பார்த்து "தம்பி" என்றார். அதற்கப்புறம் இன்னொன்று அடித்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அம்மாமேல் சத்தியமாகச் சுகுமாரன்மேல் கை வைக்கமாட்டேன். வெளியே வந்ததும் நேரே பாரிட் புந்தார். உங்கள் பக்கம் வருகிற ஈப்போ பஸ்ஸில் ஏறக்கூட மாட்டேன். தீபாவளிக்கு நீ அங்கே வா, நெல் வயலைக் காட்டுகிறேன்.

தம்பி
தர்மா

*

குனோங் ராபாட்
3.11.2024

தம்பி தர்மேந்திரனுக்கு,

நானும் உன் மச்சானும் இங்கே இருக்கிறோம். விலாசத்தைப் பார்த்திருப்பாய். நூருல்தான் இதைத் தபாலில் சேர்ப்பாள். போனில் கூப்பிடாதே, அவர் வாங்கிப் பார்க்கிறார்.

ஆறு நாள் இருந்தாய். பதினாலாம் தேதி வெளியே வந்தாய், இருபதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை வேன் கழுவிக்கொண்டிருந்தவர் முன்னால் வந்து நின்றாய். அதே ஸ்டியரிங் லாக், அதே இடது முட்டி. பக்கத்து வீட்டுக்காரர்கள் கோயிலுக்குப் போயிருந்தார்கள், பார்த்தவர் யாரும் இல்லை. மனைவி என்ற முறையில் ஆஸ்பத்திரியிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள்.

கட்டிலில் படுத்துக்கொண்டே பேசினார். சத்தம் போடவில்லை. "உன் தம்பி பேர நான் சொல்லவா வேணாமா? நீயே முடிவு பண்ணு" என்றார். நான் போட்ட போலீஸ் ரிப்போர்ட்டை வாபஸ் வாங்கி, வீட்டுக்கு வந்து அவரைப் பார்த்துக்கொண்டால் அவர் விழுந்துவிட்டதாகச் சொல்வார். இல்லையென்றால் நீதான் என்று சொல்வார். வெளியே வந்து ஒரு வாரம் ஆகாத உன்னை எத்தனை வருஷம் உள்ளே வைப்பார்கள் என்று எனக்குக் கணக்குத் தெரியாது. முடிவு பண்ண அதிக நேரம் ஆகவில்லை.

அவருக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அதே மெஷின், அதே நர்ஸ். மச்சான் படுத்துக் கிடந்ததால் படிவத்தை நான்தான் நிரப்பினேன். எப்படி அடிபட்டது என்ற இடத்தில், வேன் கழுவும்போது வழுக்கி விழுந்தார் என்று எழுதினேன். பிறகு டாக்டர் படத்தைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. நான் எழுதியதை நானே மாற்றமாட்டேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

தாலியைப் பையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டேன். டிசம்பர் ஆப்பரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், நானும் படுத்துவிட்டால் அவரை யார் பார்ப்பது. இப்போது இந்த வீட்டில் இரண்டு பேரும் நொண்டுகிறோம். அவரால் என்னைத் துரத்த முடியாது, என்னால் ஓட முடியாது. அவருக்குக் கை நன்றாக இருக்கிறது. ஊன்றுகோல் கொடுத்திருக்கிறார்கள், அலுமினியம். நேற்று முதுகில் வாங்கினேன், இரும்பு அளவுக்கு இல்லை.

உன்மேல் கோபம் இருக்கிறது. எனக்காக அடித்தேன் என்று மட்டும் எப்போதும் சொல்லாதே. ஆனாலும் நீ வெளியே இருக்க வேண்டும் என்றுதான் பால்குடம் எடுத்தேன், வெளியே இருக்கிறாய். வேலையை விடாதே. இந்தக் கடிதத்துக்குப் பதில் வேண்டாம்.

அக்கா

*

சிறையிலிருந்து
20.11.2024

அன்பு அக்காவுக்கும், ஜொஹரா அக்கா, நூருல் எல்லாருக்கும்,

விலாசத்தைப் பார்த்திருப்பாய். பழைய அறைக்கு அடுத்த அறை. வார்டர் ஐயாவும் அதே ஐயாதான். என்னைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். நான் சுகமாக இருக்கிறேன்.

பதில் வேண்டாம் என்று எழுதியிருந்தாய், அதனால் இதைக் கடை விலாசத்துக்குப் போடுகிறேன். ஆனால் இதை உனக்கு நான்தான் சொல்ல வேண்டும். சத்தியத்தைக் காப்பாற்றத்தான் பார்த்தேன். ஐந்து நாள் மூட்டை தூக்கினேன். ஆறாம் நாள் லீவு. பஸ் நிலையத்தில் சும்மா நின்றவன் ஈப்போ பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவன் என்னைப் பார்த்து, "வா மச்சான், டீ குடிக்கிறியா?" என்றான். வேன் கதவு திறந்திருந்தது, அந்தச் சிவப்புத் தடி சீட்டின்மேல் கிடந்தது. அப்போது எனக்குக் கோபம்கூட இல்லை அக்கா. கை தானாகப் போனது. எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு கீழே வீச வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. அவன் விழுந்தான், கத்தினான், காலைப் பிடித்துக்கொண்டு தரையில் சுற்றினான். எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது. நீ சொன்னது சரி. அதில் உனக்காக என்று எதுவும் இல்லை.

உன் கடிதம் மில்லுக்கு வந்தது. ஊன்றுகோலைப் பற்றி எழுதியிருந்த வரியை நாலு தடவை படித்தேன். நான் வெளியே இருப்பதற்கு நீ தினமும் முதுகைக் கொடுக்கிறாய் என்று புரிந்தது. மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, தனேஸ்வரனிடம் சொல்லிவிட்டு, பாரிட் புந்தார் போலீஸ் நிலையத்துக்கு நடந்தே போனேன்.

இனிமேல் என் பேரைச் சொல்லி அவன் உன்னைப் பிடித்து வைக்க முடியாது. என் பேரை நானே சொல்லிவிட்டேன். நீ ஆஸ்பத்திரியில் எழுதியது என்னைக் காப்பாற்ற எழுதிய பொய், அவன் மிரட்டி எழுத வைத்தது என்றும் சொல்லியிருக்கிறேன். உன்னுடைய கடைசிக் கடிதத்தையும் கொடுத்துவிட்டேன், மன்னித்துவிடு. இதைப் படித்ததும் நூருலைக் கூட்டிக்கொண்டு போ, உன் ரிப்போர்ட்டைத் திரும்பப் போடு. உன் படம் பொய் சொல்லாது. ஆஸ்பத்திரியில் சொல்லி அந்த டிசம்பர் ஒன்பதைத் திரும்பக் கேட்டு வாங்கு. மாயாண்டிக்கும் ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். அவர் படிப்பாரா என்று தெரியாது.

நிலையத்தில் இருந்த சார்ஜனுக்குத் தமிழ் தெரியும். எனக்காகப் பரிதாபப்பட்டாரோ என்னவோ, "நல்லா யோசிச்சு சொல்லு, அந்த ஆள் விழுந்துட்டதாத்தானே ஆஸ்பத்திரில எழுதியிருக்கு?" என்றார். எனக்கு அம்மா ஞாபகம் வந்தது, நீ ஞாபகம் வந்தாய், மோட்டாரிலிருந்து விழுந்ததாக நான் சாதித்த மாயாண்டி ஞாபகம் வந்தார். யாரும் விழவில்லை சார், நான்தான் அடித்தேன் என்றேன். அதை அவர் எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்று, அடியில் கையெழுத்துப் போட்டேன். நம் குடும்பத்தில் இதுவரை யாரும் எழுதிக் கொடுக்காத பதில் அது.

உன் தம்பி
தர்மேந்திரன்